துவைக்காத புடவை

திருச்சானூரில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். "கீழ வையேம்மா" என்றால், "இருக்கட்டும்டி, இது இன்னா கனமா கனக்குது" என்பாள். காலையில் எருமையைக் கறந்து, பாலைச் சென்டரில் ஊற்றிவிட்டு, கார்வேட்டிநகரம் வரைக்கும் நடந்து வந்து, புத்தூர் பஸ் பிடித்து, அங்கே மாறித் திருப்பதி வந்து, அப்புறம் ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, எங்கள் படி ஏறும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். சாயங்காலக் கறவைக்குள் திரும்பிப் போய்ச் சேர வேண்டும். அதனால் தண்ணீர் குடித்த டம்ளரைக் கீழே வைப்பதற்குள்ளேயே, "அடுத்த பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று ஆரம்பித்துவிடுவாள். பேத்திகளுக்கு முறுக்கு கொடுப்பாள், தலையைத் தடவுவாள், கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும்.

"ஆயா வந்துக்கினு கீதா, போய்க்கினு கீதா?" என்று என் சின்ன மகள் ஒருமுறை கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டாள்.

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பெரியவள் எட்டாவது வகுப்புக்குப் போகிற வரைக்கும் அம்மா எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி படுத்ததில்லை. சின்னவள் திருப்பதி ஆஸ்பத்திரியில் பிறந்தபோதும் மதியம் வந்தாள், குழந்தையை வாங்கிப் பார்த்தாள், கிளம்பிவிட்டாள். "உங்கம்மா கொழந்தையோட ஒரு கன்னத்தைத்தான் பாத்தாங்க, இன்னொரு கன்னத்தைத் திருப்பறதுக்குள்ள பஸ் ஏறிட்டாங்க" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார்.

எல்லாம் அந்த எருமையால்தான். அப்பா, எங்கள் நைனா, செத்த பிறகு அம்மா தனி. நான் ஒரே பெண். வீட்டில் எப்போதும் ஒரு கறவை எருமை இருக்கும். ஒன்றுக்கு வயசானால் அதன் கன்று, அப்புறம் அந்தக் கன்றின் கன்று. நான் சொல்ல வருகிற எருமை அந்த வரிசையில் கடைசி. ஈன்ற சில நாளிலேயே அதன் கன்று செத்துப்போனது. கன்று முட்டிக் குடித்தால்தான் தாய்க்குப் பால் இறங்கும். கன்று இல்லாத எருமை பாலை அடக்கிக்கொள்ளும். யார் காம்பைத் தொட்டாலும் உதைக்கும். அம்மா எப்படியோ பேசிப் பேசி, தடவித் தடவி, அதைத் தன் கைக்குப் பழக்கிவிட்டாள். அம்மாவின் கைக்கு மட்டும். பக்கத்து வீட்டுப் பெரிம்மா ஒருநாள் கறந்து பார்க்கிறேன் என்று உட்கார்ந்து, சொம்பு ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாக விழுந்தாள். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே, "உங்கம்மா எருமை வளக்கலடி, எருமைக்கு வாக்கப்பட்டுக்கீறா" என்று என்னிடம் சொன்னாள்.

எனக்கு இந்த மாதிரிப் பேச்சுக்குச் சிரிப்பு வராது. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, ஆட்டோ ஓட்டுகிற மனுஷன் பத்திரமாகத் திரும்புவாரா என்று நாள் முழுக்க மனசு ஓடிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தை ஏழாவதோடு விட்டதும் பயத்தால்தான். ஐந்துவரை ஊரில் தமிழ். அப்புறம் எல்லாம் தெலுங்கு. சார் எழுந்திருக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் பையை ஆணியில் மாட்டினேன், மறுநாள் எடுக்கவில்லை. அம்மா அதட்டவும் இல்லை, அனுப்பவும் இல்லை.

*

அம்மாவின் வலது கண்ணில் புரை விழுந்திருந்ததை நான் கண்டுபிடித்தது ஒரு முறுக்கால். சின்னவள் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள், அம்மா முறுக்கைக் கைக்குப் பக்கத்தில் காற்றில் நீட்டுகிறாள். கிட்டே போய்ப் பார்த்தால் கண்ணின் நடுவில் அரிசிக் கஞ்சி மாதிரி வெள்ளை.

"எவ்ளோ நாளாம்மா இப்பிடிக் கீது?"

"அது இருக்கும் கொஞ்ச நாளா. பொழுது சாஞ்சா மங்கலாக் கீது. நீ ஒடனே மூஞ்சை அப்பிடி வெச்சிக்காத."

அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா விளக்கை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, தெலுங்கில் மெதுவாகச் சொன்னார்கள்: வலது கண் முற்றிப் போய் உள்ளே நரம்பு கெட்டுவிட்டது, அதில் இனிமேல் பார்வை வராது. இடது கண்ணிலும் புரை இருக்கிறது. அதை இப்போதே எடுத்தால் பிழைக்கும், தள்ளிப்போட்டால் இதுவும் அப்படித்தான் ஆகும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாசம் குனியக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. கண்ணில் தண்ணீர், தூசி, புகை படக் கூடாது. அழக் கூடாது. மாட்டுக்கொட்டாய்ப் பக்கமே போகக் கூடாது.

ஒவ்வொன்றுக்கும் அம்மா "சரே, சரே" என்று தலையாட்டினாள். வெளியே வந்து, வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "ஒரு மாசமா? அப்ப வேணாம்."

"இருக்கறதே ஒரு கண்ணும்மா!"

"கண்ணைத் தொறந்து வெச்சிக்கினா அது பால் குடுக்கப் போவுது? காம்பைத் தொட்டாத் தெரியும் எனக்கு."

விற்றுவிடலாம் என்றேன். பஸ் வந்து நின்ற பிறகு, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "கன்னு செத்த எருமை. வேற யாரு கைக்கும் எறக்காது. வாங்கறவன் கறக்கவா வாங்குவான்? அறுக்க வாங்குவான்."

அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அம்மா இரண்டு கண்ணும் தெரியாமல் கிணற்றடியில் நடக்கிறாள், பாம்பை மிதிக்கிறாள், அடுப்பில் கையை வைக்கிறாள். ஒன்று மாற்றி ஒன்று கண்முன் வந்துகொண்டே இருந்தது. விடிந்ததும் என் வீட்டுக்காரரிடம், "நான் போய் எருமையைக் கறக்கறேன், அம்மா இங்க வந்து இருக்கட்டும்" என்றேன்.

அவர் காப்பியை வாயிலிருந்து எடுத்தார். "நீயா? எங்கனா கோழி குறுக்க வந்தாக்கூட எம்பின்னாடி ஒளியறவதானே நீ?"

"பின்ன, நீ போறியா?"

அவர் காப்பியைக் குடித்து முடித்தார்.

*

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கறக்கிற பொம்பளைக்கு உடம்புக்கு முடியவில்லையென்றால், அவள் கறவைக்குக் கட்டுகிற புடவையை வேறொருத்தி கட்டிக்கொண்டு போவாள். புருஷன்காரன் முக்காடு போட்டுக்கொண்டு உட்காருவதும் உண்டு. மாடு வாசனையை வைத்து ஏமாந்துபோகும். அம்மா போனில் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். எந்தப் பக்கம் உட்காருவது, தவுட்டை எப்போது வைப்பது, முதல் பீச்சைத் தரையில் விடுவது. கடைசியில், "பொடவையைக் கட்டில் மேல எடுத்து வெச்சிட்டு வரேன்" என்றாள்.

என் வீட்டுக்காரர் போய், சாயங்காலக் கறவை முடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினார். எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் நான் ஊருக்குப் போனேன். மறுநாள் ஆபரேஷன்.

கோழி கூவும்போது எழுந்து, விளக்கைப் போட்டு, கட்டில் மேல் மடித்து வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டேன். பச்சைப் புடவை, ஓரமெல்லாம் நைந்தது. முக்காடு போட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குள் போனேன். எருமை திரும்பிப் பார்த்தது. ஒருமுறை மூச்சு இழுத்தது. நான் உட்கார்ந்து காம்பைத் தொட்ட உடனே காலை வீசியது. சொம்பு சுவரில் போய் மோதியது. நான் தவழ்ந்து வெளியே வந்தேன். மறுபடியும் போனேன். மறுபடியும் அதுவே. மடி கல் மாதிரி இறுகியிருந்தது. நேற்றுச் சாயங்காலம் அம்மா கறந்ததுதான். இன்னும் கொஞ்ச நேரம் போனால் வீங்கும், அப்புறம் சீழ் பிடிக்கும். இதைச் சொன்னால் அம்மா ஆபரேஷனை விட்டுவிட்டு வந்துவிடுவாள். சொல்லாவிட்டால் எருமை போகும். போனைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டாய் வாசலிலேயே இங்கும் அங்கும் நடந்தேன். கடைசியில் அழுத்திவிட்டேன்.

முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள். பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"பொடவை கட்டிக்கினியா?"

"கட்டிக்கினேன்."

"எந்தப் பொடவை?"

"கட்டில் மேல வெச்சியே, அந்தப் பச்சை."

"அதைத் தொவைச்சிட்டேனேடி" என்றாள்.

"ஏம்மா தொவைச்ச?"

"நீ கட்டிக்கப் போறியே. சாணியும் வேர்வையுமா நாத்தம் புடிச்ச பொடவையையா எம்பொண்ணுக்குக் குடுப்பேன்? சோப்பு போட்டு நல்லா கசக்கினேன்."

"வேற பொடவை?"

"எல்லாத்தையும் தொவைச்சி மடிச்சி வெச்சிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறோமே, ஊடு போட்டது போட்டபடி கெடக்கக் கூடாதுன்னு." அப்புறம் குரல் மாறியது. "நான் வந்துடறேன். மொத பஸ்ஸு இருக்குது."

"வந்தீன்னா நான் எருமையை அவுத்து ஏரியில உட்டுடுவேன்" என்று கத்தினேன். அம்மாவிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல்தடவை. பெரிம்மா வீட்டு விளக்கு எரிந்தது.

அம்மா, "போனை அது காதாண்ட வை" என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டு, தொட்டிக்குப் பக்கத்துக் கட்டையில் போனைச் சாய்த்து வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ புஸ்புஸ் என்று காற்று மாதிரி வந்தது.

"சத்தமாப் பேசும்மா!"

"எப்பிடிடி பேசறது? மாப்ள தூங்கறாரு. நான் பாத்ரூம்ல நின்னுக்கினு கீறேன்."

என் வீடு இரண்டே அறை. லாட்ஜுக்குப் பின்பக்கம். ஒருத்தர் திரும்பிப் படுத்தால் இன்னொருத்தருக்குத் தெரியும். மருமகன் இருக்கிற அறையில் அம்மா தலை நிமிர்ந்து நின்றதில்லை. இப்போது அவர் காதில் விழ எருமையிடம் எப்படிப் பேசுவாள்? நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், நடுவில் எருமை நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி வைக்கிறது.

அப்போது போனில் கதவுத் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது. இருமல். அப்புறம் என் வீட்டுக்காரர் குரல், யாரிடமோ சொல்வதுபோல: "ஆட்டோவைக் கொஞ்சம் தொடைக்கணும், வர நேரமாவும்." வாசற்கதவு சாத்தப்பட்டது. அந்த மனுஷன் அந்த நேரத்தில் எழுந்து ஆட்டோவைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

அம்மா பேச ஆரம்பித்தாள்.

"ஏண்டி. எங்க பாக்கற? நான் இங்கதான் கீறேன். பயப்படாத. தவுடு துன்னியா? உன் காலாண்ட குந்திக்கினு கீறது யாரு தெரியுதா? எம்பொண்ணு. ஒதைக்காத, அது ஏற்கெனவே பல்லியைப் பாத்தா பாவாடையை நனைக்கற ஜாதி..."

எருமை காதை முன்னால் திருப்பியது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. என் விரலுக்குள் காம்பு இளகியது.

சொம்பில் பால் விழுகிற சத்தத்தை அம்மா அங்கிருந்து கேட்டாள். "எறக்கிட்டா" என்று சொன்னாள், எனக்கா எருமைக்கா என்று தெரியவில்லை. அன்றைக்கு ஒன்பது மணிக்கு ஆபரேஷன் ஆனது.

*

அதற்கப்புறம் காலையும் சாயங்காலமும் இதுவே வேலையானது. கண்ணில் கட்டோடு, அப்புறம் கறுப்புக் கண்ணாடியோடு, அம்மா போனைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்காருவாள். மருந்துச் சொட்டு விடுகிறது பெரியவள். மருமகன் கையால் கண்ணைத் திறக்க அம்மா ஒப்பவே இல்லை. குனியாதே, குப்புறப் படுக்காதே, தலையில் தண்ணீர் ஊற்றாதே என்று பேத்தி அதட்டுவாள், இவள் "சரே டீச்சரு" என்பாள்.

நான் இந்தப் பக்கம் எருமையின் வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டு கறப்பேன். வாய் திறக்கக் கூடாது. என் குரல் கேட்டால் அது அடக்கிக்கொள்ளும். அதனால் அம்மா பேசப் பேச நான் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும், குறுக்கே ஒரு வார்த்தை கேட்க முடியாது. முதலில் அதட்டல், கொஞ்சல். அப்புறம் போகப்போக, தினமும் கொட்டாயில் தனியாக எதைப் பேசுவாளோ அதையே எருமையிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் இருக்கிறதை மறந்துவிட்டாளா, மறந்த மாதிரி பேசினாளா, அது எனக்குத் தெரியாது.

"உங்க ஆயா எருமை இருந்தாளே, அவ கறவைல இருக்கசொல்லதான் இவ பொறந்தா. நோவு எடுத்துக்கினு கீது, நான் உங்க ஆயாளைக் கறந்து முடிச்சிட்டுத்தான் போய்ப் படுத்தேன்."

"இவ இஸ்கூல் பையை ஆணியில மாட்டிட்டா. ஏன்டி போலன்னு நான் கேக்கல. ஏன்னா தெரியுமா? பகல்ல ஊட்டுல இன்னொரு கொரல் இருக்குமேன்னு. அவ நைனா இன்னா, பேசற ஆளா?"

காம்பைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. எருமை காலை மாற்றி வைத்தது. மறுபடியும் கறந்தேன்.

ஒருநாள் காலையில், "எங்கம்மா போன அன்னிக்கு" என்று ஆரம்பித்தாள். அம்மாவின் தாய்வீடு பாகாலா பக்கம். ரயில் போனால் சுவர் அதிரும் என்பாள். பாட்டி செத்தபோது நான் சின்னப் பெண். அம்மா காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிட்டது மட்டும் எனக்கு ஞாபகம்.

"மத்தியானம் எடுத்தாங்க. எடுத்த ஒடனே நான் பஸ் ஏறிட்டேன். உங்கம்மா அப்ப கறவை. மறுநாளு பால் ஊத்தற நாளு. எங்கண்ணன், பொண்ணு இருந்து ஊத்தணும்னாரு. எப்பிடி இருப்பேன்? காலைல உங்கம்மாளைக் கறந்து, ஒரு தூக்குல ஊத்தி, பாகாலா போற ஆளு ஒருத்தராண்ட குடுத்து அனுப்பிச்சேன். எங்கம்மாவுக்கு எம்பால்தான் ஊத்தினாங்களாம். நான் இல்ல. என்..."

குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அம்மா அழுகிறாள்.

அழக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தையல் பிரிந்து, சீழ் வைத்து, அந்த ஒரு கண்ணும் போய்... வாயைத் திறந்தால் பால் போய்விடும், திறக்காவிட்டால் கண் போய்விடும். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ. "அம்மா, அழாதேம்மா! கண்ணும்மா! கண்ணு!" என்று கத்திவிட்டேன்.

எருமை துள்ளியது. சொம்பு உருண்டது. அத்தனை பாலும் சாணித் தரையில் ஓடியது. நான் சுவரோரம் ஒடுங்கிக்கொண்டேன்.

போனில் அம்மா, "கவுத்துட்டியாடி?" என்றாள்.

"கவுந்துட்டுது."

"எவ்ளோ?"

"எல்லாம்."

"பாவி. ஒரு அழுகைக்கு ஒரு சொம்பு பாலா?" என்றாள். சிரிப்பா, அழுகை நின்ற மூச்சா தெரியவில்லை. உடனே பெரியவளை எழுப்பிப் போனில் வரச் சொன்னேன். கண் சிவந்திருக்கிறதா, தண்ணீர் வடிகிறதா, கட்டி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "எல்லாம் நல்லாக் கீதும்மா, நீ போனை வை" என்றாள் அவள், தூக்கக் கலக்கத்தில்.

*

நடுவில் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் கறந்து சென்டரில் ஊற்றிவிட்டு பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், காய்ச்சல் விட்டிருந்தது. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சாதம் போட்டுக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, "அடுத்த பஸ்ஸு எத்தினி மணிக்குய்யா?" என்று கேட்டேன்.

எதிரே ஜன்னலோரம் அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"பையைக் கீழ வையேண்டி" என்றாள்.

அப்போதுதான் பை என் மடியில் இருந்தது எனக்குத் தெரிந்தது. "இருக்கட்டும்மா" என்றேன்.

சின்னவள் ஓடிவந்து அந்தப் பையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. அவள் அழுதாள். அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே லாட்ஜின் சுவரும் அதில் வரிசையாக ஏசி பெட்டிகளும்தான். கறவை நேரத்துக்குள் நான் ஊருக்கு வந்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் போனில் அம்மா எருமையிடம் அதிகம் பேசவில்லை. "எறக்குடி. அவ அலைஞ்சி வந்துக்கீறா" என்று மட்டும் சொன்னாள்.

மாசம் முடிந்து டாக்டரம்மா பார்த்தார்கள். இடது கண் தெளிந்துவிட்டது. சுவரில் இருந்த எழுத்தெல்லாம் என்ன என்று கேட்டதற்கு, எழுத்துத் தெரியாது, ஆனால் அந்த மூலையில் ஒரு எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருக்கிறது என்றாளாம் அம்மா. இனிமேல் குனியலாமா என்று மருமகனை விட்டுக் கேட்கச் சொன்னாளாம். குனியலாம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். பேத்திகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் ஆயா இல்லை.

நான் சாயங்காலக் கறவைக்கு உட்காரப் போகிற நேரத்தில் கொட்டாய் வாசலில் வந்து நின்றாள். மடிப்புக் கலையாத புதுப் புடவை, என் வீட்டுக்காரர் எடுத்துக்கொடுத்தது. சோப்பு வாசனை. முகத்தில் கறுப்புக் கண்ணாடி. "ஏண்டி" என்று கூப்பிட்டாள். எருமை குரலுக்குத் தலையைத் திருப்பியது. ஆளைப் பார்த்து மிரண்டு பின்னால் போனது. அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். கிட்டே போனாள். அது மூச்சை இழுத்து, தலையை ஆட்டி, என் பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டது.

அம்மா அப்படியே நின்றாள். நான் கட்டியிருந்த பச்சைப் புடவையைப் பார்த்தாள். மாசம் முழுக்கத் துவைக்காமல் கட்டியது. சாணி, பால், தவுடு, என் வேர்வை எல்லாம் ஏறி விறைத்திருந்தது.

"எப்பலேந்து உன் கைக்கே எறக்குது?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளா. நீ பேசாமலே எறக்கிடுது."

"தெரியும். நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே சொம்புல பால் உழற சத்தம் கேக்குமே."

"அப்ப ஏம்மா தெனம் பேசின?"

"நீ ஏன் தெனம் போன் போட்ட?"

"இத்தை இப்ப ஓட்டிக்கினு போனா கறக்கறவங்க வாங்குவாங்கம்மா" என்றேன். "பொடவை மாத்தினா வேற ஆளு கைக்கும் எறக்குதே. வித்துட்டு எங்ககூட வந்துடு. ஜன்னலாண்ட கட்டில் போடறேன்."

"அந்த ஜன்னலாண்டயா?" என்றாள் அம்மா. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். "ஏசி காத்துல கண்ணு எரியுது. அந்தப் பொடவையைக் கழட்டிக் குடு."

கொட்டாய்க்குள்ளேயே படலைச் சாத்திக்கொண்டு புடவையை மாற்றிக்கொண்டோம். அவள் என் அழுக்கைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் புதுசைக் கட்டிக்கொண்டேன். முக்காடு போட்டு அவள் உட்கார்ந்தாள். நெற்றியை வயிற்றில் முட்டக் கூடாது, கண் இருக்கிறது என்று சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. எருமை ஒருமுறை முகர்ந்தது. பால் இறங்கியது.

"கெளம்புடி. கடைசி பஸ்ஸு போயிடும். கொழந்தைங்க பாத்துக்கினு இருக்கும்" என்றாள் திரும்பாமல்.

அந்தக் கண் கடைசிவரைக்கும் நன்றாகத் தெரிந்தது. அதற்கப்புறமும் எங்கள் வீட்டுக்கு மதியத்தில் வந்து, முறுக்கைச் சரியாகப் பேத்தி கையில் வைத்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு ராத்திரியும் தங்கவில்லை.

போன வருஷம் அம்மா போன பிறகு, பாகாலா பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி எருமையை வாங்க வந்தார்கள். அது அப்போது மறுபடியும் ஈன்றிருந்தது. இந்தக் கன்றும் தங்கவில்லை. கறக்கத்தான் வாங்குகிறீர்களா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தப் பொம்பளைக்கு என் கவலை புரிந்திருக்கும். கயிற்றைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, "கறக்கற பொடவை இருக்குமே, அத்தையும் குடும்மா" என்றாள்.

அம்மாவின் துணியென்று அது ஒன்றைத்தான் நான் துவைக்காமல் வைத்திருந்தேன். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். கயிறு தொய்ந்தே கிடந்தது. எருமை அந்தப் புடவைக்குப் பின்னாலேயே போனது. தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிம்மா அவள் வீட்டு வாசலிலிருந்து, "இன்னிக்கு ஒரு ராத்திரியாவது இருந்துட்டுப் போயேண்டி" என்றாள்.

நான் கதவைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு பெரிம்மா" என்றேன்.